கொழும்புக்குச் சோறு போட்ட தீவுகள்

யாழ்ப்பாணத் தீவகம் போய்வந்த எவரையாவது பிடித்து இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். என்ன பார்த்தீர்கள் என்றால் வாய் ஓயாது. நயினை அம்மன், நாகதீப விகாரை, நெடுந்தீவுக் குதிரை, பெருக்கு மரம், பண்ணைக் கடலுக்கு நடுவே ஓடும் வீதி என்று கைத்தொலைபேசியை நீட்டி ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிக் காட்டுவார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதும் கதை சுருங்கிவிடும். ஜெற்றியடியில் ஒரு பிளேன்ரீ, இரண்டு றோல்ஸ், பிள்ளைகள் அழுததால் ஒரு பிஸ்கற் பக்கற். பிறகு காய்ந்த வயிற்றோடு யாழ்ப்பாணம் திரும்பி ஒரு பிரைட் றைஸ்.

இந்த இதழுக்காக என்னிடம் கேட்கப்பட்டது வழக்கமான விடுமுறைக் கட்டுரைதான். பார்க்க வேண்டிய இடங்கள், சாப்பிட வேண்டிய சாப்பாடு. முதற்பாதிக்கு ஒரு குறையுமில்லை. இரண்டாம் பாதியில்தான் பேனா முரண்டு பிடிக்கிறது. சாப்பிட வேண்டியவை அந்தத் தீவுகளில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றைச் சமைத்து, இலையில் போட்டு, காசு வாங்கிக்கொள்ள ஒரு கடை இல்லை.

கொழும்பு மருதானைச் சந்தியில் நின்று இதை நினைத்தால் சிரிப்புத்தான் வரும். ஏனென்றால் இந்த நகரத்துக்குச் சோறு விற்றவர்களில் பெரும்பங்கு தீவார். புங்குடுதீவு, வேலணை, காரைநகர், ஊர்காவற்றுறை ஆட்கள். மண் வரண்டது, விளைச்சல் மழையை நம்பியது, கிணறு பாதி உவர். அப்படிப்பட்ட ஊரில் நாலு ஆண்பிள்ளைகள் பிறந்தால் மூன்று பேர் வெளியே போய்த்தான் ஆகவேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பையன் ஒரு துணிப்பையோடு மாமன் கடைக்கோ சித்தப்பா கடைக்கோ வந்து சேருவான். மேசை துடைப்பான். பிறகு தேத்தண்ணி ஆற்றுவான். பிறகு கணக்கு எழுதுவான். கடை பூட்டிய பின் அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுக்கை. பத்து வருடம் போனால் பதுளையிலோ மாத்தறையிலோ இரத்தினபுரியிலோ அவனுக்கென்று ஒரு பெயர்ப்பலகை. புறக்கோட்டையில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் மொத்தமாக விற்ற கடைகள், மருதானை, பொறளை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை எங்கும் தோசையும் வடையும் இடியப்பமும் போட்ட சைவக் கடைகள் என்று பார்த்தால், பலவற்றின் வேர் தீவகத்து வாணர் பாலத்துக்கு அப்பால் இருக்கும். சிங்களவர்களும் அவற்றைச் சைவ கடே என்றே கூப்பிட்டார்கள். கந்தோருக்குப் போகும் வழியில் உளுந்து வடையைச் சம்பலில் தோய்த்துத் தின்னப் பழகிய ஒரு தலைமுறைக்கு அந்த ருசியைக் காட்டியவர்கள் இவர்கள்தான்.

1958, 1977, 1983 இனக்கலவரங்கள் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. வாசகர்களுக்குத் தெரியும். எரிந்த இடத்திலேயே மறுபடி கடை திறந்தவர்களும் உண்டு. பாரிஸ் லா சப்பலுக்கும் ரொறன்ரோ ஸ்காபரோவுக்கும் போய் அங்கே அதே தொழிலைத் தொடர்ந்தவர்களும் உண்டு. என் கேள்வி வேறு. பாதி உலகத்துக்குச் சாப்பாட்டுக்கடை வைத்துக் கொடுத்தவர்களின் ஊரில், கொழும்பிலிருந்து வருகிற ஒரு குடும்பத்துக்கு மத்தியானம் ஒரு பிடி சோறு கிடையாது என்றால் என்ன அர்த்தம்?

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம். யாழ்ப்பாணக் கோட்டைக்குப் பக்கத்தில் தொடங்கும் பண்ணைத் தாம்போதியில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். கடல் என்றாலும் இடுப்பளவுதான் பல இடங்களில். தண்ணீருக்குள் வரிசை வரிசையாகத் தடிகள் நட்டிருக்கும். பஸ்ஸில் போகிற பலர் அது ஏதோ வேலி என்று நினைக்கிறார்கள். வேலிதான், ஆனால் மீனுக்கு. களங்கண்ணி வலை. நீரோட்டத்தோடு வரும் மீனும் றாலும் நண்டும் அந்த வேலியைத் தடவிக்கொண்டே நடந்து கடைசியில் உள்ள அறைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். காலையில் தொழிலாளி நடந்தே போய் அள்ளிக்கொண்டு வருவார். எரிபொருள் இல்லை, சத்தம் இல்லை. இந்தப் பட்டியலில் நான் முதலிடம் கொடுக்கும் காட்சி இதுதான். நுழைவுச்சீட்டும் இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினால் போதும்.

வேலணையில் சாட்டிக் கடற்கரை குளிக்க நல்லது. காரைநகர் கசூரினாவை எல்லாரும் அறிவர். அங்கே ஈழத்துச் சிதம்பரத்தையும் பார்க்கலாம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கடலுக்குள் உட்கார்ந்திருக்கும் ஹம்மன்ஹீல் கோட்டை போர்த்துக்கேயர் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது. பிற்காலத்தில் சிறையாக இருந்து, இன்று கடற்படையினர் நடத்தும் விடுதியாக இருக்கிறது. அந்த ஊர்காவற்றுறைக்குப் பக்கத்துக் கரம்பனில்தான் 1913இல் தனிநாயகம் அடிகள் பிறந்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். வழிகாட்டிகள் சொல்வதில்லை.

புங்குடுதீவின் கடைக்கோடி குறிகட்டுவான். யாழ்ப்பாணத்திலிருந்து 30 கி.மீ.க்கு மேல் வந்து இங்கே படகு ஏற வேண்டும். நயினாதீவுக்குக் கால்மணி நேரம் அல்லது சற்றுக் கூட. நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், காற்றைப் பொறுத்து. சோளகம் தூக்கினால் வயிற்றைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். குமுதினிப் படகில் ஏறுகிறவர்களில் வயதானவர்கள் இன்னும் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். 1985 மே 15இல் அதே பெயர்ப் படகில் நடந்த கொலைகளை அந்தத் தீவில் மறந்தவர் இல்லை.

நெடுந்தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். தட்டையான பவளப்பாறைத் தரை. கண்ணுக்கெட்டிய தூரம் பனை. காணிகளுக்கு நடுவே சீமெந்தும் சுண்ணாம்பும் இல்லாமல் முருகைக்கல்லை அடுக்கியே எழுப்பிய மதில்கள். ஒரு கல்லை உருவினால் மொத்தமும் சரியும் போலத் தோன்றும். பல தலைமுறையாக நிற்கின்றன. திறந்த வெளியில் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்த குதிரைகளின் வாரிசுகள் எவருக்கும் சொந்தமில்லாமல் மேய்கின்றன. கோடையில் தண்ணீருக்குத் தவித்துச் சாவதும் உண்டு. உள்ளே ஆள் நுழையக்கூடிய பொந்துள்ள பெருக்கு மரம், குடியேற்ற ஆட்சிக் காலத்துப் புறாக்கூடு, தெற்கு முனையில் குயிந்தா கோபுரம், இடிந்த மீகாமன் கோட்டை, வெடியரசன் கோட்டை என்று ஓட்டோக்காரர் ஒரு சுற்று வருவார். பாதி இடங்களில் இறங்கி ஏறவே நேரம் சரியாக இருக்கும். ஏனென்றால் பின்னேரப் படகைத் தவறவிட்டால் இரவு அங்கேதான். படகு, நேரம், படகு, நேரம் என்று ஓட்டோக்காரரும் துரத்துவார், நாமும் ஓடுவோம்.

இந்தப் படகு நேரம்தான் சாப்பாட்டைக் கொல்கிறது. காலைப் படகில் வந்து பின்னேரப் படகில் திரும்புகிறவனுக்கு நடுவில் கிடைப்பது சில மணித்தியாலம். அதில் அவன் பார்க்க வந்தவன். சாப்பிட உட்கார்ந்தால் ஒரு கோட்டை குறையும். இன்றைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாத ஊரில் எவர் பானை வைப்பார்? மீனும் நண்டும் கறியாக்கி வைத்து, காற்று எழும்பிப் படகு வராமல் போனால் அவ்வளவும் நாய்க்கு. ஆகவே கடைக்காரர் புத்தியாக சோடாவும் பிஸ்கற்றும் வாங்கி அடுக்குகிறார். அவை பழுதாகா.

அங்கே என்ன சாப்பிடலாம் என்று தெரிந்தால்தான் இழப்பு எவ்வளவு என்று புரியும்.

ஒடியற்கூழையே எடுத்துக்கொள்வோம். கூழின் கதை அடுப்பில் தொடங்குவதில்லை. ஆவணி, புரட்டாதியில் விழுந்த பனங்காயின் விதையைப் பொறுக்கிப் பாத்தி போடுவார்கள். மழை குடித்து, முளை கீழ்நோக்கி இறங்கிக் கிழங்காகும். தை, மாசியில் பாத்தியைக் கிண்டுவார்கள். அந்தக் கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். தேங்காய்ச்சொட்டோடு கடித்துக்கொண்டிருந்தால் மழைநாள் போவதே தெரியாது. பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அதை இடித்து அரித்து எடுத்த மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த தண்ணீரை வடித்து ஊற்ற வேண்டும். அப்போதுதான் ஒடியலின் காறல் போகும். இதில் அவசரப்பட்டவரின் கூழை முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

பிறகு பெரிய பானை. கொஞ்சம் அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளித் துண்டு. அவை வேகும்போது கடல் உள்ளே இறங்கும்: கால் உடைத்த நண்டு, றால், கணவாய், சிறுமீன், ஒரு நல்ல மீன்தலை. அரைத்த செத்தல் மிளகாய், மஞ்சள், பழப்புளி, கடைசியில் கரைத்த ஒடியல் மா. இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை. எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்பதில் ஊருக்கு ஊர் சண்டை. அந்தச் சண்டையில் நான் தலையிட மாட்டேன். குடிப்பது முற்றத்தில், வட்டமாக உட்கார்ந்து, பனையோலைப் பிளாவில். மூக்கும் கண்ணும் ஒழுக, ஒருவரும் பேசாமல், நண்டுக்காலைச் சப்பும் சத்தம் மட்டும் கேட்கும். கூழ் ஒருவருக்குக் காய்ச்சும் பண்டமன்று. குறைந்தது பத்துப் பேர் வேண்டும்.

பட்டியலை இத்தோடு முடிக்கவும் முடியாது. ஒடியற்பிட்டும் மீன்குழம்பும். முருங்கையிலை போட்ட நண்டுக்கறி. சுறா வறை. திருக்கையைச் சரக்குத்தூள் போட்டுக் குழம்பு வைத்தால் பிள்ளைப்பேற்று வீட்டுக்கும் ஆகும், விருந்துக்கும் ஆகும். வெயிலில் விரித்த பாயில் பனங்களி ஊற்றிக் காயவைத்து உரித்தெடுக்கும் பனாட்டு. பனங்காய்ப் பணியாரம். குட்டானில் வார்த்த பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் தேத்தண்ணி. கள்ளைப் பற்றி இந்தப் பத்திரிகையில் அதிகம் எழுதினால் ஆசிரியபீடம் முறைக்கும், விரும்பியவர்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

இதில் பாதிக்கு மேல் வெள்ளவத்தையில் கிடைக்கிறது என்பதுதான் என்னை உறுத்துவது. காலி வீதியில் நடந்தால் ஒடியல் மா பைக்கற், பனாட்டு, பாரைக் கருவாடு, மோர்மிளகாய் எல்லாம் கடைவாசலில் தொங்குகின்றன. கொட்டாஞ்சேனையில் ஞாயிற்றுக்கிழமை கூழ் காய்ச்சும் வீடுகள் உண்டு. அந்த நண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "தீவுப் பக்கம்" என்பார்கள். உண்மைதான். ஐஸ் பெட்டிக்குள் இரவோடு இரவாக ஏ9 வீதியில் வந்தது.

நண்டின் பயணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தீவுகளைச் சுற்றியுள்ள கடலில் புல்மேடை அதிகம்; ஆழம் குறைவு. நீலக்கால் நண்டுக்கு அதைவிடச் சுகமான வீடு இல்லை. விடியற்காலம் வலை இழுத்து வந்தால் கரையிலேயே தராசோடு ஆள் நிற்பார். பெரியதும் சதை நிறைந்ததும் தனியாகப் போகும். ஒரு பகுதி கொழும்பு ஹோட்டல்களுக்கு. பெரும்பகுதி பதனிடும் நிலையத்துக்கு. அங்கே அவித்து, பெண்கள் உட்கார்ந்து ஓட்டை உடைத்துச் சதையைப் பிரித்து எடுப்பார்கள்; அது டப்பாவில் அடைபட்டு அமெரிக்கா வரை போகும். களிநண்டு இன்னும் விலை கூடியது; அதை உயிரோடே கட்டிச் சிங்கப்பூருக்கு அனுப்புவார்கள். கரையில் மிஞ்சுவது கால் முறிந்தது, சின்னது, சோடை. தொழிலாளி வீட்டுக் குழம்பில் விழுவது அதுதான். நல்ல நண்டைப் பிடித்தவனே தின்பது நட்டக்கணக்கு. இந்த விலையில் தீவுக்குள்ளே ஒருவர் கடை போட்டு, கொழும்பு ஹோட்டலோடு போட்டியிட்டு நல்ல நண்டு வாங்கி, வருவாரா மாட்டாரா என்று தெரியாத உல்லாசப் பயணிக்குக் கறி வைப்பாரா?

கடலட்டை இதைவிட வேடிக்கை. சில ஆண்டுகளாகத் தீவகக் கரைகளில் தடி நட்டு வலை கட்டிய கடலட்டைப் பண்ணைகள் பெருகியிருக்கின்றன. எங்கள் ஆட்கள் எவரும் அதை வாயில் வைப்பதில்லை. அவித்து உலர்த்தியது அவ்வளவும் சீனாவுக்கும் ஹொங்கொங்குக்கும். டொலர் வருகிறது, வேலை கிடைக்கிறது என்று பண்ணைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். நண்டு வலை போட்ட கரை போய்விட்டதே என்று சிறுதொழிலாளி சொல்வதை நான் கூடுதலாக நம்புகிறேன். எல்லை தாண்டி வந்து அடியோடு வாரிப்போகும் இழுவைப் படகுகளைப் பற்றி எத்தனையோ இதழ்களில் எழுதியாகிவிட்டது. உள்நாட்டில் இழுவைமடியை 2017இல் சட்டம் போட்டே தடுத்தார்கள் என்பதோடு விடுவோம்.

சமைப்பதற்குப் பொருள் போய்விடுகிறது. சமைக்க ஆளும் போய்விட்டது. 1990, 1991இல் போரால் தீவுகள் வெறிச்சோடின. புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் அந்தச் சூனியத்தைப் பாடிய 'காற்றுவழிக் கிராமம்' 1995இல் வந்தது. அதன் பிறகு திரும்பியவர்கள் கொஞ்சம். கல்வீடுகள் பெரிது பெரிதாக நிற்கின்றன, பூட்டு. திறந்திருக்கும் வீட்டில் ஒரு ஆச்சி இருப்பார். ஒடியல் மாவை எத்தனை முறை வடிக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். அவருடைய மகள் ரொறன்ரோவில் வீடியோ பார்த்துக் கூழ் காய்ச்சுகிறார்.

நயினாதீவு மட்டும் இந்தக் கணக்கில் விதிவிலக்கு. அங்கே நாகபூசணி அம்மன் சந்நிதியில் வந்தவருக்கெல்லாம் சோறு உண்டு. அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். ஆனித் திருவிழாக் காலத்தில் வரிசை முடியாது. பந்தி எழும்ப எழும்ப அடுத்த பந்தி. பருப்பு, பூசணிக்காய், கத்தரிக்காய், ரசம் என்று அது வேறொரு ருசி. வாளியோடு ஓடிவரும் பையன் நம் இலையைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் போடட்டோ, அண்ணை?" என்று கேட்கும் ருசியும் அதில் சேர்த்தி.

அந்த மண்டபத்துக்கு ஏன் அப்பெயர் என்பது 'மணிமேகலை' படித்தவர்களுக்குத் தெரியும். காப்பியத்தின் மணிபல்லவம் நயினாதீவே என்பது இங்குள்ள நம்பிக்கை. வேறிடம் சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு, இருக்கட்டும். இரண்டு நாக அரசர்கள் ஓர் ஆசனத்துக்காகச் சண்டையிட, புத்தர் வந்து தீர்த்து வைத்தார் என்ற கதையைத் தமிழ்க் காப்பியமும் சொல்கிறது, சிங்கள மக்களின் மகாவம்சமும் சொல்கிறது. காலையில் அம்மனையும் பின்னர் விகாரையையும் ஒரே சனமே கும்பிட்டுப் போவதைப் பார்த்தால் அந்தச் சண்டை தீர்ந்துவிட்டது என்றே நினைக்கத் தோன்றும்.

ஆனால் அந்தக் காப்பியத்தில் எனக்குப் பிடித்த பாத்திரம் ஆபுத்திரன். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி என்ற பாத்திரம் அவன் கையில் இருந்தது. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறினான். கப்பல் காற்றுக்கு ஒதுங்கி மணிபல்லவத்தில் நின்றது. இவன் இறங்கிய நேரம் பார்த்து, இவன் ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத தீவு. கையில் உலகத்துக்கே போடச் சோறு. உண்ண ஓர் உயிர் இல்லை. தனக்காக மட்டும் அந்தப் பாத்திரத்தை வைத்திருக்க மனமில்லாமல் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து செத்தான். கடைசிப் படகைத் தவறவிட்டவர் கதைகளில் இதுவே மூத்ததாக இருக்க வேண்டும். இன்றைக்கு நிலைமை நேர் எதிர்: விடுமுறை நாளில் குறிகட்டுவானில் சனம் நெருக்கியடிக்கிறது, பாத்திரம்தான் இல்லை.

தெற்கிலிருந்து பஸ் பிடித்து வரும் சிங்கள யாத்திரிகர்கள் இதை எங்களைவிட நன்றாக அறிந்திருக்கிறார்கள். அவர்கள் அரிசி மூட்டை, கருவாடு, அடுப்பு, பெரிய சட்டி எல்லாவற்றையும் கூடவே கொண்டுவருகிறார்கள். வீதியோர மரநிழலில் சமைத்துச் சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்துப் போய்விடுகிறார்கள். வடக்கில் அவர்கள் செலவழிப்பது படகுக்கும் பனங்கட்டிக்கும் மட்டும். 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரை மறுபடி ரயில் ஓடத் தொடங்கியபோது, இனி எல்லாருக்கும் வியாபாரம் என்றார்கள். ரயில் சனத்தைக் கொண்டுவந்தது. சனம் சோற்றையும் கொண்டுவந்தது.

வந்தவருக்கு ஒழுங்கு செய்து கொடுக்கும் பழக்கம் இந்தக் கரைக்குப் புதிதுமில்லை. நயினாதீவுக் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊராத்துறைக்கு வெளிநாட்டார் வந்து தங்க வேண்டும், அவர்களுக்குக் காப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. முறிந்த கப்பலுக்கே சட்டம் எழுதி வைத்த துறைமுகம் அது.

பெரிய ஹோட்டல்கள் வந்தால் எல்லாம் சரியாகும் என்று ஒரு கட்சி இருக்கிறது. குளிரூட்டி, நீச்சல்தடாகம், பஃபே. அவர்களுக்கு ஒரேயொரு பதில், கிணறு. இந்தத் தீவுகளில் ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. மாரியில் பெய்த மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கீழே உள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. பட்டையால் அள்ளினால் வருடம் முழுக்க வரும். மோட்டர் வைத்து உறிஞ்சினால் கடல் மேலே வந்துவிடும்; ஒரு தரம் உவராகிய கிணறு திரும்ப இனிக்கப் பல மாரி செல்லும். கோடையில் நெடுந்தீவில் குடிதண்ணீருக்குக் கலன் தூக்கி நடக்கிறார்கள். ஒரு அறைக்கு இரண்டு குளியல் எடுக்கும் விருந்தாளியை அங்கே எந்தத் தண்ணீரில் குளிப்பாட்டுவது? நல்ல கிணறு என்றால் அந்தத் தீவுகளில் என்ன பொருள் என்பதற்கு மு. தளையசிங்கத்தின் வாழ்க்கையே சாட்சி. 1971இல் புங்குடுதீவில் ஒடுக்கப்பட்ட மக்கள் நன்னீர்க் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தவர் அவர். 1973இல், நாற்பது வயதை எட்டுமுன்பே போய்விட்டார். சுற்றுலாக் கையேடுகளில் கோட்டைகளுக்கு இருக்கும் இடம் அந்தக் கிணற்றுக்கும் இருக்க வேண்டும்.

ஹோட்டல் வேண்டாம் என்றால் வேறென்ன? ஜப்பானில் இதே நோய் உள்ள தீவுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. இளம் ஆட்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், கிழவர் கிழவி மட்டும், பள்ளிக்கூடம் பூட்டு. அங்கே மின்ஷுகு என்று ஒரு ஏற்பாடு. மீன்பிடிக் குடும்பம் தன் வீட்டில் இரண்டு மூன்று அறையை வாடகைக்கு விடுகிறது. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் வாடகைக்குள் அடக்கம். தேர்ந்தெடுக்க விலைப்பட்டியல் கிடையாது. அன்று கணவன் வலையில் என்ன விழுந்ததோ அதை மனைவி சமைத்து வைப்பாள். முதலே சொல்லாமல் போனால் சாப்பாடு இல்லை. மியே மாகாணத்து ஈசே-ஷிமாக் கரையில், 2016இல் ஜி7 தலைவர்கள் கூடினார்களே அந்த ஊர், மூச்சடக்கிக் கடலுக்குள் முக்குளிக்கும் அமா என்ற பெண்கள் இருக்கிறார்கள். குளிர்காய்வதற்கென்று கரையில் அவர்களுக்கு ஒரு குடில். இப்போது அதே குடிலில் நெருப்பைச் சுற்றி விருந்தாளிகளை உட்காரவைத்து, சங்கையும் சிப்பியையும் சிங்கிறாலையும் சுட்டுக் கொடுக்கிறார்கள். வயதான அமாக்கள் பழைய கதைகளைச் சொல்லிக்கொண்டே சுடுவார்கள். முக்குளிக்கிறவர்களின் தொகை பல மடங்கு குறைந்துவிட்டது. அங்கேயும் மகள்மார் வரவில்லை. ஆனாலும் பிடித்த சிப்பியின் ஒரு பங்காவது கரையில் நின்று, கரையிலேயே விலை பெறுகிறது.

நெடுந்தீவிலும் வேலணையிலும் இதைச் செய்ய மில்லியன் ரூபா முதலீடு தேவையில்லை. ஒரு முற்றம், ஒரு வேப்பமரம், நாலு பாய், ஒரு ஆச்சி, உதவிக்கு இரண்டு பெண்கள். இப்போதே சில வீடுகளில், முதல்நாள் சொல்லிவைத்தால் சமைத்துக் கொடுக்கிறார்கள். யாருடைய வீடு என்று ஓட்டோக்காரர்களுக்குத் தெரியும். அது ஒரு பலகையில் எழுதிக் குறிகட்டுவானில் தொங்கினால் போதும்: இன்று இன்ன வீட்டில் கூழ், இன்ன வீட்டில் நண்டுக்கறியும் குத்தரிசிச் சோறும், இத்தனை பேருக்கு. அதைவிட முக்கியம் இரவு தங்குவது. ஒரு இரவு தங்கினால் சாப்பாட்டு நேரம் இரண்டு கூடும், படகுப் பதற்றம் போகும், குதிரைகள் கிட்ட வரும் நேரத்திலும் அங்கே இருக்கலாம்.

முற்றத்துச் சாப்பாட்டில் எவர் கையால் சமைத்தது என்று சாதி பார்க்கும் பழைய நோய் எழும்பும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் விருந்தாளி வெளியூரவன், பசியோடு வருகிறவன், அவனுக்குக் கிணறும் தெரியாது, குறிச்சியும் தெரியாது. உள்ளூரில் உட்கார மறுத்த பந்தியில் அவன் வந்து உட்கார்ந்து நண்டுக்கால் சப்பினால் அதுவும் நல்லதுதான்.

பங்குனி, சித்திரையில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை கொஞ்சம். மாரியில் வாடைக் காற்று, வைகாசி தாண்டினால் சோளகம். இடைப்பட்ட காலத்தில் கடல் அமைதி. பின்னேரப் படகின் நேரத்தை ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், அது மாறும். தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுபோங்கள், வெற்றுப் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். நயினாதீவில் மச்சம் கேட்காதீர்கள். நெடுந்தீவு என்றால் முதல்நாளே ஓட்டோக்காரருக்கு அழைப்பு எடுத்து எத்தனை பேர், எத்தனை மணிக்கு, நண்டா மீனா என்று சொல்லிவிடுங்கள். பாதிக் காசை முற்பணமாக அனுப்புங்கள். காற்று எழும்பிப் படகு ஓடாமல் நீங்கள் போகமுடியாமற் போனால் அந்தக் காசைத் திருப்பிக் கேட்காதீர்கள். நண்டு அன்று காலையே வாங்கியாகியிருக்கும்.